சோறு இறங்காத நாட்கள்

(திருவண்ணாமலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். மருத்துவர்களுக்காகப் பேச வேண்டாம், வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களுக்காகப் பேசுங்கள் என்றார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில் உணவு ஆலோசகராகவே வேலை பார்த்தவள் நான். இதைவிடப் பிடித்த அழைப்பு எனக்கு வந்ததில்லை.

என் மேசைக்கு எதிரே நோயாளி ஒரு நாற்காலியில் உட்காருவார், அவருக்குச் சமைக்கிறவர் பக்கத்து நாற்காலியில். பல நேரம் இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. "எது பண்ணி வச்சாலும் தட்டைத் தள்ளிடறாரும்மா, நானும் மனுஷிதானே" என்பார் மனைவி. "வாயில வச்சா மண்ணு மாதிரி இருக்கு, எப்படி முழுங்கறது" என்பார் அவர். இருவர் சொல்வதும் உண்மை. சாப்பாட்டுக்காக நடக்கும் இந்தச் சண்டையை ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். அதில் குற்றவாளி என்று யாரும் கிடையாது. பசி போனது சிகிச்சையின் வேலை, நோயின் வேலை. காய்ச்சலையும் வலியையும் போலவே அதையும் அளக்க வேண்டும், காரணம் தேட வேண்டும், மருத்துவம் பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

உடம்புக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுச் செல்கள் அப்படிப் பெருகுபவை என்பதால் சாகின்றன. ஆனால் உடம்பில் இயல்பாகவே வேகமாகப் பெருகும் செல்களும் இருக்கின்றன. குடலின் உட்பூச்சு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. நாக்கின் சுவைச் செல்களுக்கு ஏறக்குறைய பத்து நாள்தான் ஆயுள். வாயின் உட்தோல், மயிர்க்கால், எலும்பு மஜ்ஜை எல்லாம் இந்த வகை. மருந்து ஏறியதும் இவையும் அடி வாங்குகின்றன. முடி கொட்டுவது வெளியே தெரிகிறது, ஊரே துக்கம் விசாரிக்கிறது. நாக்கிலும் குடலிலும் நடப்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

சுவை மாறுவதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சிலருக்கு இனிப்பு திகட்டும். காபி கசக்கும். ஆட்டுக்கறியில் இரும்பு வாடை அடிப்பதாகச் சொல்வார்கள். தாளிக்கிற வாசனை வந்தாலே வாசலுக்கு எழுந்து ஓடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாடு நல்லது, ஆறினால் வாசனை குறையும். இரும்பு வாடை என்பவர்களுக்கு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் மாற்றிப் பீங்கான் தட்டும் மரக் கரண்டியும் கொடுத்துப் பார்க்கலாம். கறி இறங்காவிட்டால் முட்டை, தயிர், பயறு என்று புரதத்தை வேறு வழியில் கொண்டுபோக வேண்டும்.

குமட்டலுக்கு வருவோம். மருந்து பட்ட குடல் செல்கள் செரட்டோனினை வெளியிடுகின்றன. அது நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்தைத் தட்டுகிறது. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் இதில் மிகக் கடுமையானவை. 1990களின் தொடக்கத்தில் ஒண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, வாந்திக்குப் பயந்தே சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் இருந்தார்கள். இன்று முதல் நாள் வாந்தியைப் பெருமளவு தடுத்துவிட முடிகிறது. ஆனால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வரும் இரண்டாவது சுற்றுக்காகத்தான் வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். "முதல் நாள் ஒண்ணும் இல்லையே, எதுக்கு இத்தனை மாத்திரை" என்று அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் தண்ணீர்கூடத் தங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார்கள். குமட்டல் வராமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. குமட்டிய பிறகு விழுங்கினால் அதுவும் வெளியே வந்துவிடும்.

அதே ஒண்டான்செட்ரான் மலத்தைக் கட்டும். வலிக்குத் தரும் மார்ஃபினும் கட்டும். நாலு நாளாக வெளிக்குப் போகாதவருக்குப் பசி எப்படி எடுக்கும்? நாக்கில் வெள்ளையாகப் படிவது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், சில நாள் மருந்திலேயே அடங்கிவிடும். இளைத்ததில் பல்செட் தளர்ந்து ஈறில் உரசுவதால் சாப்பிட மறுத்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிடவில்லை என்று வந்தவரின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதும், கடைசியாக எப்போது வெளிக்குப் போனீர்கள் என்று கேட்பதும் பெரிய கலை இல்லை. ஆனால் கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அது விட்டுப்போகிறது. அதனால் வீட்டுக்காரர்கள் நீங்களே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கண்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பழைய ஆய்வைச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1978-இல் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர், கீமோ ஏற்றப்போகும் குழந்தைகளுக்கு முன்னதாக ஒரு புதுவகை ஐஸ்கிரீமைக் கொடுத்தார். பிறகு ஒருநாள் அதையே மறுபடி நீட்டியபோது பல குழந்தைகள் வேண்டாம் என்றன. ஐஸ்கிரீமால் வாந்தி வரவில்லை, மருந்தால் வந்தது. மூளை பழியைத் தின்ற பொருளின் மேல் போட்டுவிட்டது. கெட்டுப்போனதை மறுபடி தின்னாமல் காக்கும் இயற்கையின் ஏற்பாடு இது. நம் தாய்மார்கள் கீமோ நாளில் என்ன செய்கிறார்கள்? பிள்ளை கஷ்டப்படப் போகிறதே என்று விடியற்காலையில் எழுந்து அதற்கு மிகவும் பிடித்ததைச் சமைத்து டப்பாவில் கட்டி எடுத்துப்போகிறார்கள். அந்தப் பிரியாணியோ வெங்காய சாம்பாரோ அன்றோடு அந்தப் பிள்ளைக்குப் பிடிக்காமல் போகலாம். மருந்து ஏறும் நாளில் பெரிய ஆசை ஒன்றும் இல்லாத சாதாரண சாப்பாடு போதும். இட்லி, தயிர்ச்சோறு, ரொட்டி. பிடித்ததையெல்லாம் நடுவில் வரும் நல்ல நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சை நம் பக்கத்தில் "கரண்டு வைக்கிறது" என்பார்கள். அது உடம்பின் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே சாப்பாட்டுச் சிக்கலும் அமைகிறது. வாய், தொண்டைப் புற்றுக்கு வாரத்தில் ஐந்து நாளாக ஆறு ஏழு வாரம், மொத்தம் 30, 35 முறை கதிர் வைப்பார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகள் முதல் வாரத்திலேயே வற்றத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் ஊறிக்கொண்டிருந்த உமிழ்நீர் நின்றுபோனால் சோறு வாயில் மணலாக உருளும். இரண்டு மூன்று வாரத்தில் வாயெல்லாம் புண். அப்போது காரமும் புளியும் உப்பும் எரியும். குழையப் பிசைந்த தயிர்ச்சோறு, ஆறின கேழ்வரகுக் கூழில் மோர், பாலில் ஊறிய ரொட்டி, முட்டை கலந்த கஸ்டர்ட் எல்லாம் இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து நாளைக்குப் பலமுறை வாய் கொப்பளித்தால் எரிச்சல் தணியும்.

அப்படியும் முடியாதபோது மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடலாம் என்று மருத்துவர் சொல்வார். நம் வீடுகளில் அழுகை தொடங்கும் இடம் அதுதான். குழாய் போட்டால் கதை முடிந்தது என்று எப்படியோ ஊரில் பரவியிருக்கிறது. உண்மையில் குழாய் போடுவது சிகிச்சை நடுவில் நிற்காமல் முடிவதற்காக. கதிர்வீச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தால் அதன் பலன் குறைந்துவிடும். குழாய் இருக்கும்போதும் வாய் வழியாக இறங்குகிற கொஞ்சத்தை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விழுங்குவதை நிறுத்தினால் தொண்டைத் தசைகள் பழக்கம் விட்டுவிடும். குழாயில் ஊற்றும்போது நோயாளி படுத்திருக்கக் கூடாது. தலையும் மார்பும் நிமிர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும்.

உணவுக்குழாய்ப் புற்று வேறு மாதிரி. அதில் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பட்டினி தொடங்கிவிடுகிறது. முதலில் சப்பாத்தியும் கறியும் மார்பில் அடைக்கும், பிறகு சோறு, பிறகு கஞ்சி. அறிஞர் அண்ணாவைத் தாக்கியது இந்தப் புற்றுதான். 1968-இல் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்தார். காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நம் மாவட்டத்தின் வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பக்கத்து மக்கள் இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்கள். தொண்டையில் சோறு அடைக்கிறது என்று சொல்லும் யாரையும் "தண்ணி குடிச்சு இறக்கு" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் தொடர்ந்தால் எண்டோஸ்கோப்பி பார்த்தாக வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுக்கு அடிவயிற்றில் கதிர் வைக்கும்போது வயிற்றுப்போக்கு வரும். அந்த நாட்களில் சிறுதானியமும் கீரையும் கொடுத்துச் சத்தேற்ற நினைப்பது தவறு. ஜவ்வாது மலைச் சாமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நல்ல தானியம். ஆனால் புண்ணாகியிருக்கும் குடலுக்கு அந்த நார் ஆகாது. வெள்ளைச் சோறு, மோர், வாழைப்பழம், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று சில வாரம் ஓட்ட வேண்டும். பாலைச் செரிக்கும் நொதியும் அப்போது குறைந்திருக்கும், அதனால் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒருவருக்கு ஆவது இன்னொருவருக்கு ஆகாது என்பதற்கு ஐஸையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5-எஃப்.யூ. என்ற மருந்தை ஊசியாக ஒரேயடியாகப் போடும்போது வாயில் ஐஸ் துண்டை வைத்திருந்தால் வாய்ப்புண் குறைகிறது. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறியவருக்கு அதே ஐஸ் தொண்டையில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்ன யோசனையை நம் ஆளுக்குச் செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது நம் சமையலறைக்குப் போவோம். உடம்பு சரியில்லை என்றால் நம் கை தானாகக் கஞ்சிப் பானைக்குப் போகிறது. ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் சுமார் 15 கிராம் அரிசி இருக்கும். அதில் கிடைப்பது 50 கலோரி, ஒரு கிராம் புரதம். சிகிச்சையில் இருப்பவருக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளைக்கு 25 முதல் 30 கலோரியும் ஒரு கிராமுக்குக் குறையாத புரதமும், முடிந்தால் ஒன்றரை கிராம் வரையும் வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ உணவியல் சங்கத்தின் வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 1250 கலோரிக்குக் குறையக் கூடாது. கஞ்சியால் மட்டும் அதைக் கட்ட வேண்டுமென்றால் 25 டம்ளர் குடிக்க வேண்டும். வயிறு நிறைந்திருக்கும், உடம்பு பட்டினி கிடக்கும்.

அதே டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். பாதித் தண்ணீருக்குப் பதிலாக 100 மில்லி பால். வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த மல்லாட்டை (நிலக்கடலை) ஒன்றரைக் கரண்டி, அதாவது 15 கிராம். ஒரு டீஸ்பூன் நெய். இப்போது அந்த டம்ளரில் ஏறக்குறைய 250 கலோரி இருக்கிறது, எட்டு கிராம் புரதம் இருக்கிறது. அளவு கூடவில்லை, குடிக்கிறவருக்குப் பாரமும் கூடவில்லை. மல்லாட்டை விளையாத ஊரா நம் ஊர்? நூறு கிராமில் 25 கிராம் புரதம் உள்ள பொருள் செங்கத்திலும் போளூரிலும் களத்தில் காய்கிறது, நாமோ நோயாளிக்குக் கடையில் விலையுயர்ந்த பவுடர் டப்பாவைத் தேடுகிறோம். ஒரே ஒரு எச்சரிக்கை. சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது ஒன்றுகூடச் சேரக் கூடாது. அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் ஈரல் புற்றுக்கே காரணமாகிற நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்த பிறகுதான் உலகம் அதைக் கண்டுகொண்டது.

மூன்று வேளைக் கணக்கை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு வாய். காலையில் பசி கொஞ்சம் நன்றாக இருக்கும், முட்டையை அப்போதே கொடுத்துவிடுங்கள். வேலூருக்கோ புதுச்சேரிக்கோ விடியற்காலை பஸ் ஏறிப் போய்க் கதிர் வைத்துக்கொண்டு மாலையில் திரும்புகிறவர்கள் பகல் முழுக்க டீயும் பன்னுமாக ஓட்டுகிறார்கள். ஆறேழு வாரம் அப்படிப் போனால் எடை எங்கே நிற்கும்? பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த இரண்டு உருண்டை பையில் இருக்கட்டும்.

பத்தியம் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. சித்த மருத்துவத்தில் பத்தியம் என்பது குறிப்பிட்ட மருந்துக்கு, குறிப்பிட்ட நாளுக்கு வைத்தியர் சொல்வது. நம் வீடுகளில் நடப்பது அது இல்லை. முட்டை சூடு, மீன் கரப்பான், தயிர் சளி, கறி தின்றால் தையல் சீழ் பிடிக்கும், சர்க்கரை புற்றுக்குத் தீனி. பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒன்றை நீக்கிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது ரசஞ்சோறு. சர்க்கரை விஷயம் படித்தவர்களையும் பிடித்திருக்கிறது. புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகம் இழுப்பது உண்மைதான். ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி 1920களில் கண்டது அது, பெட் ஸ்கேன் படம் எடுப்பதும் அதை வைத்துத்தான். ஆனால் சோற்றையும் சர்க்கரையையும் நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்காது. உடம்பு தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், மற்றவர்கள் பாயசம் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. முள்சீத்தாப் பழம் புற்றைத் தீர்க்கும் என்று வாட்ஸப்பில் வருவதற்கு மனிதர்களிடம் செய்த நம்பகமான ஆய்வு எதுவும் ஆதாரமாக இல்லை.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு விரதத்தைத் தொடாமலும் போக முடியாது. நோய் வந்ததும் நேர்ந்துகொள்ளாத குடும்பம் உண்டா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி பட்டினி இருந்து 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டு கீமோவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனால்தான் தேதியைப் பார்க்கச் சொல்கிறேன். மருந்து ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பெரும்பாலும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் லட்சம் பேர் நடக்கும் கூட்டமும், காலையில் கட்டி மாலையில் பிரிக்கும் பொட்டலச் சோறும், வெட்டி வைத்த பழமும் ஆபத்து. வீட்டில் அப்போதே சமைத்ததைச் சாப்பிடுவது மட்டும்தான் சரி. வேண்டுதலைப் பிள்ளைகள் ஏற்று நடக்கலாம், சிகிச்சை முடிந்து அவரே நடக்கலாம். அண்ணாமலையார் காத்திருப்பார்.

இந்த ஊரிலேயே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் ரமண மகரிஷி. 1949-இன் தொடக்கத்தில் இடக்கை முழங்கை அருகே எழுந்த கட்டியை அகற்றினார்கள். அது திரும்பத் திரும்ப வளர்ந்தது. சார்கோமா என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள், அந்த டிசம்பருக்குள் நான்கு முறை அறுவை செய்தார்கள். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு சமாதியானார். ஆசிரமச் சமையலறையில் பல ஆண்டுகள் தாமே காய் நறுக்கியவர், துவையல் அரைத்தவர் அவர். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறாத எதையும் தமக்கென்று தனியாக ஏற்க மாட்டார் என்பதை ஊரறியும். நான் வணங்கும் குணம் அது. ஆனால் 42 கிலோவுக்கு இறங்கிவிட்ட ஒரு தாய் அந்த வழியில் போனால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகியவர்கள். மார்பகப் புற்றுக்கு மருந்து ஏறும்போதும் தனக்கென்று வாங்கிய முட்டையைப் பேரன் தட்டில் வைத்துவிடுகிறார்கள். "பிள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் மட்டும் எப்படிங்க தின்றது" என்று என்னிடம் கேட்டவர்கள் அனேகம். அந்த முட்டை மருந்தோடு சேர்ந்தது என்று குடும்பத்தையே உட்காரவைத்துச் சொன்ன பிறகுதான் சிலர் சாப்பிட்டார்கள். கணவர்களும் மகன்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி கொஞ்சம் கடினமான பகுதி. எல்லாம் சரியாகச் செய்தும் சிலர் இளைத்துக்கொண்டே போவார்கள். புற்றும் அதை எதிர்க்கும் உடம்பும் சேர்ந்து சில வேதிப்பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையில் பசியை அணைக்கின்றன, தசையைக் கரைக்கின்றன. விறகு தீர்ந்த வீட்டில் கூரையைப் பிடுங்கி அடுப்பெரிப்பது போல உடம்பு தன்னையே எரித்துக்கொள்கிறது. கேகெக்ஸியா என்பது இந்த நிலையின் பெயர். ஆறு மாதத்தில் எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும் என்று 2011-இல் பன்னாட்டு வல்லுநர்கள் வரையறுத்தார்கள். 60 கிலோ மனிதருக்கு அது வெறும் மூன்று கிலோ. வேட்டி தளர்வதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். குண்டாக இருப்பவர்களிடம் கொழுப்பு மறைத்துவிடும், வயிற்றிலும் காலிலும் நீர் கோத்தவர்களிடம் தராசே பொய் சொல்லும். மாடிப்படி ஏற முடிகிறதா, கைப்பிடி தளர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த நிலையில் சோற்றைத் திணிப்பதால் மட்டும் எடை திரும்பாது. "நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று தங்களையே நொந்துகொள்ளும் மனைவிமாருக்கும் மகள்களுக்கும் இதைச் சத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அது உங்கள் கைக்குறை இல்லை.

ஆனால் கைவிட வேண்டிய நிலையும் இல்லை. நமக்கு நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இரைப்பை, ஈரல்-கணையம், நுரையீரல் புற்று முற்றிய நிலையில் கீமோ பெறத் தொடங்கிய 124 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் 2.5 மில்லிகிராம் ஒலன்சபின், இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத மாத்திரை. பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். கணக்கில் எடுத்துக்கொள்ள முடிந்தவர்களில், ஒலன்சபின் எடுத்த 58 பேரில் 35 பேருக்கு எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியது. மற்றப் பகுதியில் 54 பேரில் 5 பேருக்குத்தான் அப்படிக் கூடியது. இது பல காலமாகப் புழக்கத்தில் உள்ள மலிவான மாத்திரை. மனநோய்க்குத் தருவது என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டால் நம் ஆட்கள் பயந்து தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பைத்தியம் என்று யாரும் முடிவு கட்டவில்லை. இந்தச் சிறிய அளவில் அது குமட்டலைக் குறைக்கிறது, பசியைத் தூண்டுகிறது. தூக்கம் வரும், சர்க்கரை கூடலாம், அதனால் மருத்துவர் எழுதித்தான் எடுக்க வேண்டும். ஆனால் "பசிக்கு ஏதாவது மருந்து உண்டா ஐயா" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இதைக் கேட்காமலேயே எத்தனையோ பேர் திரும்பிப் போகிறார்கள் என்பதே என் பெரிய மனவருத்தம்.

இறுதிக் கட்டம் வேறு. நோய் முற்றி, நாட்கள் எண்ணப்படும்போது உடம்பு சாப்பாட்டைக் கேட்பதை நிறுத்திவிடும். சாப்பிடாததால் அவர் போகவில்லை, போய்க்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. அப்போது குளுக்கோஸ் ஏற்றினால் பல நேரம் அது நுரையீரலிலும் காலிலும் நீராகத்தான் சேரும். ஊட்டிவிட்டால் புரையேறும். உதட்டை நனைத்துவிடுங்கள், வாயைச் சுத்தமாக வைத்திருங்கள். அவர் கேட்டால் ஒரு ஸ்பூன் காபி கொடுங்கள். தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அதுவும் பராமரிப்புதான்.

கடைசியாக அரசிடமும் நம்மிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். காசநோயில் நம் நாடு நல்ல வழியொன்றைப் பிடித்திருக்கிறது. 2018-இலிருந்து நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024-இன் இறுதியில் அதை ஆயிரமாக்கினார்கள். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வொன்றில், முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடிய காசநோயாளிகளிடம் மரண அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடனேயே உடல் எடையும் உயரமும் பார்த்து, மிகவும் மெலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். புற்றும் காசமும் ஒன்றல்ல, புற்றில் சோறு மட்டும் அவ்வளவு தூரம் கொண்டுபோகாது. ஆனால் அளப்பதும், மெலிந்தவரை முதலில் கவனிப்பதும் இரண்டுக்கும் பொருந்தும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கீமோவின் செலவை ஏற்கிறது. அந்தக் கீமோவைத் தாங்கும் உடம்புக்கான முட்டைக்கும் பாலுக்கும் நோயாளியின் வீடுதான் கடன் வாங்குகிறது, அதுவும் கூட வருகிறவரின் கூலியும் போன நேரத்தில். காசநோயாளிக்குக் கொடுப்பதைப் புற்றுநோயாளிக்கும் மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். அவர்கள் பையில் ஒரு எடை மெஷினும் இருக்கட்டும். சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவரின் எடையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோட்டில் ஏறட்டும். அரசு அதைச் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கீமோ ஃபைலின் பின்னட்டையில் தேதியும் எடையும் எழுத இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் கடைத் தராசோ அரிசி மண்டித் தராசோ எதுவானாலும் சரி, எப்போதும் ஒரே தராசில் நில்லுங்கள். அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது, ரத்தப் பரிசோதனைத் தாளுக்கு முன்னால் அந்தப் பின்னட்டையைத் திருப்பிக் காட்டுங்கள்.